மினிமம் ட்யூவும் நூறு நாள் தண்டலும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது கண்ணகி நகர். நீர்நிலைக் கரைகளிலும் நகரின் நடுவிலும் குடியிருந்த ஏழை மக்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம். அதே சாலையின் இரண்டு பக்கமும் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கான அடுக்குமாடிகளும் எழுந்தன. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வகைக் குடும்பங்கள் வாழ்கின்றன. இரண்டிலும் கடன் இருக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: செலவைக் குறை, மிச்சத்தைக் கடனில் கட்டு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் அன்றைக்கே கடனுக்குப் போய்விட வேண்டும். இன்னொரு வீட்டில் முதலில் மிச்சமாகும் சில ஆயிரங்கள் கடனுக்குப் போகவே கூடாது. ஏன் இப்படி என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். அதற்காக இரண்டு மாதிரி வீடுகளை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. வாசகர் தம் வீட்டு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வீடு அடுக்குமாடியில். ஒருவர் சம்பளம், நான்கு பேர். மாதம் 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகையும் பராமரிப்பும் 26,000. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் வேன் கட்டணத்தையும் மாதத்துக்குப் பிரித்தால் 16,000. கார் தவணை 13,000. மளிகை, பால், காய்கறி 15,000. ஹோட்டலும் செயலிவழி வரவழைக்கும் சாப்பாடும் 7,000. பெட்ரோல், கரண்ட், போன், இணையம் 9,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,500. கிரெடிட் கார்டில் 1,80,000 நிலுவை. அதற்கு மாதாமாதம் கட்டுவது 9,000. கூட்டினால் 97,500. மாதம் 2,500 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டும் கார்டிலேயே ஏறுகிறது.

கார்டு அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால் மொத்த நிலுவைக்குப் பக்கத்திலேயே ‘மினிமம் ட்யூ’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். நிலுவையில் ஐந்து சதவீதம் என்று வைத்தால் அதுதான் இந்த 9,000. அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை, போன் அழைப்பு இல்லை, மானம் போகாது. ஆனால் வட்டி நிற்பதில்லை. மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்றால் 1,80,000க்கு வட்டி 6,300. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. இரண்டும் சேர்ந்து 7,434. கட்டிய ஒன்பதாயிரத்தில் அசலுக்குப் போனது 1,566 ரூபாய். அதே மாதத்தில் புதிதாக 2,500 ஏறியிருக்கிறது. மாதம் தவறாமல் ஒன்பதாயிரம் கட்டுகிற இந்தக் குடும்பத்தின் கடன் கூடிக்கொண்டே போகிறது.

இரண்டாவது வீடு கண்ணகி நகரில். கணவர் பெயின்டர். மாதத்தில் பதினாறு நாள் வேலை கிடைத்தால், நாளுக்கு 750 வீதம் 12,000. மனைவி நான்கு வீடுகளில் வேலை செய்கிறார், 8,000. மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 21,000. இங்கும் நான்கு பேர். நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கிய குழுக் கடன் இரண்டு ஓடுகிறது: 50,000 ஒன்று, 30,000 ஒன்று, இரண்டும் 24 சதவீத வட்டி, இரண்டாண்டுத் தவணை. மாதத்துக்கு 2,643, 1,586. இரண்டு பவுன் அடகில் இருக்கிறது; 40,000 ரூபாய்க்கு மாத வட்டி 400. இவற்றோடு தண்டல், நாளுக்கு நூறு ரூபாய், மாதம் 3,000. கடனுக்கு மட்டும் 7,629 போகிறது. மிஞ்சும் 13,371 ரூபாயில் நான்கு பேர் ஒரு மாதம் வாழ வேண்டும், தலைக்கு 3,343. மத்திய அரசின் 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழக நகர்ப்புறத்தின் சராசரி தலைக்கு மாதம் 7,630 ரூபாய். இந்த வீடு அந்தச் சராசரியில் பாதிக்கும் கீழே நின்றுகொண்டு கடன் கட்டுகிறது.

தண்டலின் கணக்கு எளிது. அதனால்தான் அது பிடித்துக்கொள்கிறது. பத்தாயிரம் கடன். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார்கள். ஒரு சின்ன அட்டை, அதில் நூறு கட்டம். சாயந்திரம் தண்டல்காரர் வண்டியில் வருவார், நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். நூறு நாளில் கடன் தீர்ந்தது. ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் வட்டி, ஏதோ பதினொரு சதவீதம்போலத் தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், உண்மையில் சராசரியாக அதில் பாதிதான் குடும்பத்தின் கையில் இருந்தது, அதுவும் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 77 சதவீத வட்டி. நூற்றுக்கு மாதம் ஆறு ரூபாய்க்கு மேல்.

இதோடு கார்டை வைத்துப் பாருங்கள். மூன்றரையும் ஜிஎஸ்டியும் சேர்த்து மாதம் நாலு ரூபாய் பதிமூன்று பைசா. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 சதவீதம். தெருவில் யாராவது ‘நாலு வட்டி’க்குப் பணம் தருகிறேன் என்றால் அடுக்குமாடிக் குடும்பம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதே நாலு வட்டி பிளாஸ்டிக் அட்டையில் வந்தால் உள்ளே விட்டுவிடுகிறது. சட்டமும் இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2003இல் கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, மணிவட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மூன்றாண்டுவரை சிறை, 30,000 ரூபாய்வரை அபராதம். கார்டு வட்டிக்கோ உச்சவரம்பு இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. சட்டம் தடுக்கிற கடனும் சட்டம் விட்டுவிட்ட கடனும் என்று பிரித்துப் பார்க்கலாம். வீட்டுக் கணக்கு நோட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டியவை.

இனி செலவுக்கு வருவோம்.

ஏர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இல் தொழிலாளர் குடும்பங்களின் செலவைப் பார்த்து ஒரு விதியைச் சொன்னார்: வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். இன்றுவரை அது பொய்க்கவில்லை. இங்கே அதற்கு ஒரு நடைமுறைப் பொருள் உண்டு. பணம் எதில் போகிறதோ அதில்தான் வெட்ட முடியும். கண்ணகி நகர் வீட்டில் கடன் போக மீதியெல்லாம் சாப்பாடு, சிலிண்டர், பிள்ளைகள், மருந்து. வெட்டு என்றால் சோற்றுத் தட்டில்தான் விழும்.

அரிசியில் விழாது. ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நூறு யூனிட்வரை மின்சாரம் இலவசம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுத் தொடக்கப்பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் உண்டு. இந்த வீட்டுச் செலவில் வெட்டக்கூடியதை அரசே ஏற்கெனவே வெட்டிவிட்டது. மிஞ்சியிருப்பவை முட்டை, மீன், பால், ரேஷனில் தரும் ஒரு கிலோவுக்கு மேல் தேவைப்படும் பருப்பு, காய்கறி, பழம். வயிறு நிறைந்துவிடும், உடம்புக்கு வேண்டியது குறையும். அதுவும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவில் குறையாது. வேலைக்குப் போகிற ஆணுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தபிறகு மிச்சத்தில் சாப்பிடுபவரின் தட்டில்தான் முதலில் குறையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. நான்கு வீடு பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் சாப்பாட்டைக் குறைத்து மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ஒரு வாரம் படுத்தால் அடுத்த தண்டல் அட்டை வந்துவிடும்.

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் வெட்டக்கூடிய பெரிய செலவு ஒன்று இருக்கிறது, டாஸ்மாக். நாளுக்கு ஒரு குவார்ட்டர் என்றால் அது தண்டல் தவணையைவிடப் பெரிய தொகை. ஆனால் கணக்குப் போடும் கையில் அந்தச் செலவு இல்லை. மனைவிக்குக் குடும்பச் செலவுத் திட்டம் சொல்லிக்கொடுக்கும் எந்தக் கூட்டமும் இதைத் தீர்க்காது. கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டிய விஷயம் இது.

அடுக்குமாடி வீட்டில் நிலைமை வேறு. நகர்ப்புற இந்தியக் குடும்பங்களின் செலவில் உணவுக்குப் போவது 39 சதவீதம். அந்த உணவுச் செலவுக்குள் மிகப் பெரிய பங்கு தானியமோ பாலோ அல்ல, பானங்களும் தின்பண்டங்களும் சமைத்து வரும் உணவும்தான், மொத்தச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல். 2022-23 கணக்கெடுப்பு சொல்வது இது. வெளிச்சாப்பாட்டுக்கான 7,000 ரூபாயை 3,000 ஆக்கினால் யாருடைய உடம்பும் கெடாது. வாரத்தில் இரண்டு நாள் எடுக்கிற காரை விற்றுக் கார் கடனை முடித்தால், 13,000 தவணையும் பெட்ரோலில் ஒரு பகுதியும் இன்சூரன்ஸும் நிற்கும்; ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் நாலாயிரம் ஒதுக்கினாலும் ஒன்பதாயிரம் மிஞ்சும்.

ஆனால் வீடுகள் இப்படி வெட்டுவதில்லை. இரண்டு ஓடிடியை நிறுத்துவார்கள், பாலை ஒரு பாக்கெட் குறைப்பார்கள், ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பார்கள். பெரியதைத் தொட மாட்டார்கள். காரணம் புரிகிறது. கார் போனால் எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியும், ஊரிலிருந்து வரும் சித்தப்பாவுக்குத் தெரியும். பால் பாக்கெட் குறைந்தது யாருக்கும் தெரியாது. நடுத்தரக் குடும்பத்தின் செலவுக் குறைப்பில் கணக்கைவிடக் கௌரவம்தான் அதிகம் பேசுகிறது. தெரியாமல் குறைக்க முடிந்ததை மட்டும் குறைத்தால் மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு 1,80,000 கார்டு கடனை எதிர்கொள்ள முடியாது.

வாங்கும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. மாதச் சாமானை மொத்தமாக வாங்குங்கள், மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். அடுக்குமாடிக்கு அது சரி. ஐந்து லிட்டர் எண்ணெய் டின், பத்து கிலோ மாவு, சலுகை விலை. கண்ணகி நகரில் அன்றாடக் கையிருப்பு நூறு நூற்றைம்பது. சாயந்திரம் அதிலும் நூறு தண்டலுக்குப் போகிறது. மீதிக்கு ஒரு பொட்டலம் காபித்தூள், கால் லிட்டர் எண்ணெய், சாஷே ஷாம்பு. பற்றாத நாளில் தெருமுனைக் கடையில் நோட்டில் எழுதிக்கொண்டு வாங்கும்போது விலை கேட்கவும் முடியாது. கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர் அதே பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறார். சிக்கனம் செய்வதற்கே முதலில் ஒரு முதல் வேண்டியிருக்கிறது.

இப்போது வட்டிக்குத் திரும்பலாம். முதல் வீட்டில் செலவைத் துளிகூடக் குறைக்காமலே ஒரு பெரிய மாற்றம் சாத்தியம். அந்த 1,80,000 ரூபாயை 14 சதவீத வட்டிக்கு ஒரு தனிநபர் கடனாக மாற்றினால் இரண்டாண்டுத் தவணை மாதம் 8,642. கார்டுக்குக் கட்டிவந்த 9,000ஐவிடக் குறைவு. கார்டில் புதிதாக ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் மாதம் 9,000 கட்டிக்கொண்டே வந்தால் அது தீர 43 மாதத்துக்கு மேலாகும், மொத்தம் ஏறத்தாழ 3,89,000 கட்டியிருப்பார்கள். மாற்றிய கடனில் 24 மாதம், மொத்தம் 2,07,000 சொச்சம். வெளிச்சாப்பாட்டையும் வேறு சில செலவுகளையும் சுருக்கி, துண்டை அடைத்ததுபோக 6,000 கூட்டி, மாதம் 15,000 கட்டினால் கார்டிலேயே 17 மாதத்தில் தீரும். வட்டியையும் மாற்றிச் செலவையும் குறைத்தால் 13 மாதம். இடையில் கூடுதலாகக் கட்டினால் அபராதம் உண்டா, எடுக்கும்போது கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றுவதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும். இரண்டு தவணை தவறி சிபில் மதிப்பெண் இறங்கியபிறகு 14 சதவீதத்தில் எந்த வங்கியும் தராது.

தங்கம் இருக்கிற வீடாக இருந்தால் இன்னும் எளிது. 2025இல் தங்கம் ஏறிய ஏற்றத்துக்கு நான்கு பவுன் நகையே இந்தக் கடனைத் தாங்கும். பத்து சதவீதத்துக்கு நகைக்கடன் கிடைத்தால் முதல் மாத வட்டி 1,500. கார்டில் அது 7,434. லாக்கரில் நகை கிடக்க, கார்டில் நாலு வட்டி ஓடிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் நிறைய. நகையை வைப்பது தாழ்வு என்ற எண்ணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நியாயமானது: அது மனைவியின் நகை, அவர் பிறந்த வீட்டில் போட்டது. கணவர் ஏற்றிய கார்டு கடனுக்கு அதைக் கொடுக்கச் சொல்லும் முன், அந்த 1,80,000 எப்படி ஏறியது என்பதை வரி வரியாக அவருக்குக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. தனிநபர் கடன் வழி இருக்கவே இருக்கிறது.

கண்ணகி நகர் வீட்டின் இரண்டு பவுன் முன்னமே அடகில் இருக்கிறது. விலை ஏறியதால் அதே நகைக்கு மேல்தொகை கிடைக்கும். தண்டல்காரரிடம் போகாமல் அந்த மேல்தொகையை எடுப்பது 77 சதவீதக் கடனுக்குப் பதில் 12 சதவீதக் கடன் வாங்குவது. அந்த அளவில் நல்லது. ஆனால் நகைக்கடனுக்கு மாதத் தவணை இல்லாததால் அது கண்ணில் படாமலே கிடக்கும். ஓராண்டு முடிந்து ஏல நோட்டீஸ் வரும்போதுதான் நினைவு வரும். நகை மூழ்கிப்போனால் அந்த வீட்டின் ஒரே சேமிப்பும் போயிற்று. மேல்தொகை எடுப்பவர்கள் அன்றிலிருந்தே வட்டியை மாதாமாதம் கட்டி வர வேண்டும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? அதிக வட்டிக் கடனை முதலில் என்று நிதி ஆலோசகர்கள் சொல்வார்கள். அடுக்குமாடியில் அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. கார்டுதான் முதலில். ஒரு லட்சம் ஏழு சதவீத வைப்புநிதியில் கிடந்தால் அதையும் உடைத்துக் கார்டில் கட்டலாம். அவசரத்துக்கு என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். கட்டிய அளவுக்குக் கார்டில் இடம் காலியாகிறது, உண்மையான அவசரம் வந்தால் மறுபடி எடுக்கலாம். கட்டிய பணம் திரும்பிவரும் வழி அந்த வீட்டுக்குத் திறந்தே இருக்கிறது.

கண்ணகி நகரில் அந்த வழி இல்லை. தீபாவளிக்கு நான்கு வீட்டிலும் கொடுத்ததைச் சேர்த்து அந்த அக்காவின் கையில் மூவாயிரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டிக் கணக்குப்படி 77 சதவீதத் தண்டலில்தான் கட்ட வேண்டும். ஆனால் தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். முன்கூட்டிக் கட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது. குழுக் கடனில் கட்டலாம். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதி சொல்கிறது, 24 சதவீத வட்டியும் மிஞ்சும். ஆனால் கட்டிய மூவாயிரம் திரும்பி வராது. பத்து நாள் கழித்து மழை பிடித்து, கணவருக்கு வேலை இல்லாமல் போனால்?

அப்போது தண்டல்காரர் வருவார். எழுபதாவது நாளில் அவர் கேட்பது இப்படி இருக்கும்: “அக்கா, ஏழாயிரம் கட்டிட்டீங்க. பழச முடிச்சுட்டு புதுசா ஒரு பத்து போட்டுடலாமா?” பழைய பாக்கி மூவாயிரம் கழியும், புது வட்டி ஆயிரம் கழியும், கைக்கு ஆறாயிரம் வரும். பாக்கி மூவாயிரத்திலிருந்து பத்தாயிரமாக ஏறிவிட்டது. பழைய அட்டையில் மீதியிருந்த முப்பது நாளுக்கும் சேர்த்து முன்பே கொடுத்த வட்டியும் வீணானது. இந்தச் சுழற்சியில்தான் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. நூறு கட்டத்தை முடிப்பது அவர்களுக்குக் கஷ்டமில்லை, முடித்துக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அடுத்த அட்டையை வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

அதனால்தான் அந்த மூவாயிரம் கடனுக்குப் போகக் கூடாது என்கிறேன். அது கையிருப்பாக நின்று, ஒரே ஒரு தண்டல் அட்டையை வராமல் தடுத்தால் 24 சதவீதத்தை மிச்சப்படுத்துவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும். அட்டை முடிந்த மறுநாளிலிருந்து அதே நூறு ரூபாயை அதே சாயந்திரத்தில் தனக்கே கட்டிக்கொள்ள முடிந்தால் நூறு நாளில் பத்தாயிரம் சொந்தப் பணம். நூறு நாள் தவறாமல் கட்டும் ஒழுங்கு அந்த வீட்டில் இருக்கிறது என்பதை முடிந்துபோன அட்டைகளே காட்டுகின்றன; இல்லாதது, அந்தப் பணத்தை வீட்டுக்கு வெளியே பத்திரமாகப் போட்டுவைக்க ஓர் இடம். தருமபுரியில் 1989இல் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் அதற்காகத்தான் வந்தன: முதலில் சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன், அதன்பிறகுதான் வங்கிக் கடன். இன்று ‘குழு’ என்றால் பல தெருக்களில் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் வாரக் கூட்டம் மட்டுமே. அந்தக் கூட்டத்தில் சேமிப்பு இல்லை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் எழுந்து போக முடியாத நெருக்கடி மட்டும் இருக்கிறது.

ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே 2022 விதிதான். நம் கண்ணகி நகர் வீட்டுக்கு அது 10,500 ரூபாய். பதிவேட்டில் தெரிவது குழுக் கடனும் நகைக்கடனும் மட்டும். தண்டல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆக விதிப்படி பார்த்தால் அவர்கள் இன்னும் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தவணைக்குப் புதுக் கடன் வாங்கத் தகுதியானவர்கள்! கடன் கொடுக்க வருபவர் தண்டல் அட்டை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்பதே சரியான சோதனை.

மறைப்பது இரண்டு வீட்டிலும் நடக்கிறது. கணவருக்கு இரண்டாவது கார்டு இருப்பது மனைவிக்குத் தெரியாது. மனைவி இரண்டாவது குழுவில் சேர்ந்தது கணவருக்குத் தெரியாது. எல்லாக் கடனையும், யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்த நாளில் தவணை என்று ஒரே நோட்டில் இருவரும் சேர்ந்து எழுதாத வரை மேலே சொன்ன கணக்கு எதுவும் வேலை செய்யாது.

இந்த இரண்டு வீட்டுக் கணக்கும் ஒட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அடுக்குமாடியில் மாதம் துண்டு விழுவது 2,500. வேலைக்கார அம்மாவுக்குக் கொடுப்பதும் 2,500. நோட்டைத் திறந்ததும் கண் அங்கேதான் போகும். நிறுத்திவிட்டால் துண்டு அடைபடும். முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் இந்தச் செலவுதான், ஏனென்றால் அதற்கு ஒப்பந்தம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை, கார் கடன்போலக் கையெழுத்து இல்லை. ‘அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்மா’ என்ற ஒரு வாக்கியம் போதும். அடுக்குமாடியின் வருமானத்தில் அது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. வேலைக்கு வருபவர் நம் கண்ணகி நகர் வீட்டுப் பெண்தான் என்றால், அந்த வீட்டின் வருமானத்தில் அது பன்னிரண்டு சதவீதம். பெரிய குழுக் கடனின் மாதத் தவணைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு வீட்டில் சிக்கனம் என்று எழுதப்படுவது இன்னொரு வீட்டில் தவறிய தவணையாக எழுதப்படுகிறது. அடுக்குமாடியிலும் அந்த வேலை மறைந்துவிடுவதில்லை, அந்த வீட்டுப் பெண்ணின் காலைப் பொழுதில் போய் ஏறிக்கொள்கிறது. வெளிச்சாப்பாட்டில் 4,000 குறைத்தால் அந்தத் துண்டு யாரையும் நிறுத்தாமல் அடைபட்டுவிடும். அப்படியும் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள், அவருக்கு வேறு வீடு பார்த்துக்கொள்ள அவகாசம் கொடுங்கள். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

முடிவு தேதியிலும் இரண்டு வீடுகளும் ஒன்றல்ல. அடுக்குமாடிக் குடும்பம் ஏப்ரலில் தொடங்கினால், வட்டியை மாற்றுவது, செலவைக் குறைப்பது என்று மேலே சொன்ன இரண்டையும் செய்தால், அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் கார்டு கடனைத் தீர்த்துவிடலாம் என்று நாட்காட்டியில் குறித்துவைக்க முடியும். கண்ணகி நகர் வீட்டுக்கு அப்படி ஒரு தேதி கொடுப்பது பொய். அங்கே பார்க்க வேண்டியது வடகிழக்குப் பருவமழையை. அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர்வரை வெளிச்சுவர்ப் பெயின்டிங் நின்றுபோகும். பதினாறு நாள் கூலி ஆறு நாளாகும். குழுத் தவணை மட்டும் மழை பார்க்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு அட்டை, மழையில் ஒரு அட்டை என்றுதான் ஆண்டு ஓடுகிறது. அந்த மூன்று மாதத்துக்குக் கையில் ஐயாயிரம், ஆறாயிரம் இருந்தால் ஓர் அட்டை குறையும். கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் இதில் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. பெயின்டர், கொத்தனார், சித்தாள் வீட்டுக்குத் தவணை வகுக்கும்போது கோடையில் கூடுதலாகவும் மழையில் பாதியாகவும் வகுக்கலாம். விவசாயக் கடனுக்கு அறுவடையைப் பார்த்துத்தான் தவணை வைக்கிறார்கள். நகரத்துக் கூலிக்கும் ஒரு பருவம் உண்டு என்று ஒப்புக்கொண்டால் போதும்.